ஐந்து வெள்ளிக்கு ஐந்து வெள்ளிக் கரண்டிகள்

நம் நாட்டுத் தமிழில் ‘வெள்ளி’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது உலோகம் அன்று, காசுதான். ‘பத்து வெள்ளி கொடு’ என்றால் நாம் பத்து ரிங்கிட்டை எடுத்து நீட்டுவோம். சிங்கப்பூர் நண்பராக இருந்தால் பத்து டாலரை நீட்டுவார். ஒரு காலத்தில் இங்குப் புழங்கிய டாலர் நாணயம் வெள்ளியால் ஆனது. நாணயம் மாறிவிட்டது, பெயர் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் இந்த இரண்டு ‘வெள்ளி’களும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தன. 1974-ஆம் ஆண்டில் என் தாத்தா ஐந்து வெள்ளிக் கரண்டிகளை ஐந்து வெள்ளிக்கு விற்றுவிட்டு வந்தார்.

பாட்டி, பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவில் பத்தாண்டுகள் ஆயாவாக வேலை செய்தவர். 1963-இல் அந்தத் துரை குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, துரைசானி பாட்டியின் கையில் ஒரு சிறிய அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். அதில் ஆறு தேக்கரண்டிகள் இருந்தன. பாட்டி அவற்றைப் பழைய புடவையில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அம்மா மூன்றாம் படிவம் படித்த ஆண்டில் தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக் காசுக்கும் முடை ஏற்பட்டது. தாத்தா கரண்டிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போனார். “இது வெள்ளி இல்லை, வெறும் முலாம். கரண்டிக்கு ஒரு வெள்ளி தருகிறேன்” என்றாராம் கடைக்காரர். தாத்தா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறாவது கரண்டி தப்பித்ததற்குக் காரணம், பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைக்கு மருந்து புகட்ட அதை இரவல் வாங்கிப் போயிருந்ததுதான். அன்று முதல் ‘துரைசானி கொடுத்த முலாம் கரண்டி’ என்பது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. பாட்டி மட்டும் சிரிக்கமாட்டார். “அது வெள்ளிதான். பத்து வருஷம் தேய்ச்ச கை எனக்குச் சொல்லுது” என்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு நண்பனோடு போனேன். பழைய கரண்டிகள் குவிந்து கிடந்த ஒரு மேசையில் பளபளப்பான ஒன்றை எடுத்து, “இது வெள்ளியா, அங்கிள்?” என்று கேட்டேன். அந்தச் சீனப் பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு பூதக்கண்ணாடியை என்னிடம் தள்ளினார். “சிங்கம் எங்கே இருக்கிறது, தேடு” என்றார்.

அன்று அந்தக் கரண்டியில் சிங்கம் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி என்னை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வெள்ளிப் பாத்திரங்களின் பின்னால் அலைய வைத்துவிட்டது. அந்த அலைச்சலில் கற்றவற்றைத் தம்பி தங்கைகளோடும் முன்னாள் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். வாசிக்கத் தெரிந்த யாருக்கும் இந்தக் கதவு திறக்கும்.

வெள்ளி என்பது எவ்வளவு வெள்ளி?

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் கரண்டி செய்தால் எளிதில் வளைந்துவிடும். எனவே உறுதிக்காகச் செம்பு கலப்பார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பும் கொண்ட கலவைக்கு ‘ஸ்டெர்லிங்’ என்று பெயர். இங்கிலாந்தில் வெள்ளிப் பொருள்களுக்கு இதுவே நெடுங்காலத் தரம். தங்கத்துக்கு நாம் ‘மாற்று’ பார்ப்பதுபோல் அங்கே வெள்ளிக்கு மாற்றுப் பார்த்தார்கள்.

இடையில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளி நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்யும் பழக்கம் பெருகியது. நாணயத்துக்கும் பாத்திரத்துக்கும் தரம் ஒன்றாக இருந்ததே அதற்கு வசதியாயிற்று. இதைத் தடுக்க, 1697-இல் பாத்திரத்தின் தரத்தை மட்டும் ஆயிரத்துக்கு 958 என்று உயர்த்தினார்கள். இதற்கு ‘பிரிட்டானியா’ தரம் என்று பெயர். 1720-இல் ஸ்டெர்லிங் தரம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. காசு வெள்ளிக்கும் பாத்திர வெள்ளிக்கும் அங்கேயும் ஒரு மோதல் நடந்திருக்கிறது, பாருங்கள்!

சிங்கத்தைத் தேடுவோம்

பிரிட்டிஷ் வெள்ளிப் பாத்திரத்தைச் சேகரிப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. பொருளே தன் பிறப்புச் சான்றிதழைச் சுமந்துகொண்டு வருகிறது. கரண்டி என்றால் கைப்பிடியின் பின்புறத்திலும், கெண்டி, கிண்ணம் என்றால் பெரும்பாலும் அடிப்பாகத்திலும் கடுகளவு முத்திரைகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். இவற்றைத்தான் ‘ஹால்மார்க்’ என்கிறோம். இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில், அதாவது ‘ஹாலில்’, குத்தப்பட்டதால் வந்த பெயர் அது. அங்கே பொருளிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுத்துச் சோதித்து, தரம் சரியாக இருந்தால்தான் முத்திரை கிடைக்கும்.

வரிசையில் என்னென்ன இருக்கும்?

முதலாவது, தர முத்திரை. வலது முன்காலைத் தூக்கியபடி நடந்து செல்லும் சிங்கம். 1544-இலிருந்து வழங்கிவருகிறது. இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட ஸ்டெர்லிங் வெள்ளிக்கு இதுவே அடையாளம். அந்தப் பெரியவர் என்னைத் தேடச் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, ஊர் முத்திரை. இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 1300-ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் இடம்பெற்ற முத்திரை இது. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். இந்த இரண்டு ஊர்களுக்கும் சோதனைக் கூடம் கிடைத்தது 1773-இல். ஷெஃபீல்டின் கிரீடம் 1975-இல் ரோஜாவாக மாறியது. எடின்பரோவுக்குக் கோட்டை. கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் எப்படி வந்தது? இரண்டு ஊர்க்காரர்களும் இலண்டனில் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற பெயர்கொண்ட விடுதியில் கூடியதால் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

மூன்றாவது, ஆண்டெழுத்து. 1478-இலிருந்து இலண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற முறை வந்தது. பொருளைச் சோதித்த ஆண்டை இது காட்டும்.

நான்காவது, செய்தவர் முத்திரை. பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள்.

ஐந்தாவது, வரி முத்திரை. அரசரின் அல்லது அரசியாரின் பக்கவாட்டு முகம். வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதன் அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே இது உண்டு. எனவே இந்த முகத்தைக் கண்டால் பொருள் குறைந்தது 1890-க்கு முற்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது ஒரு சிறு பயிற்சி. இலண்டன் சிறுத்தைத் தலையும் ‘சி’ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் உள்ள மூன்று கரண்டிகள் உங்கள் முன் இருக்கின்றன. எழுத்து வரிசை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பதால் ஒரே எழுத்து பல ஆண்டுகளுக்கு வரும். முதல் கரண்டியில் சிறுத்தைக்குத் தலையில் கிரீடம் இருக்கிறது. அரசர் முகம் இல்லை. இரண்டாவதில் கிரீடமும் இருக்கிறது. அரசர் முகமும் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. எது மூத்தது?

அரசர் முகம் 1784-இல்தான் வந்தது. சிறுத்தையின் கிரீடம் 1821-இல் போய்விட்டது. எனவே முதல் கரண்டி 1778, இரண்டாவது 1818, மூன்றாவது 1898. (அதே எழுத்து 1958-இலும் வரும். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் உருவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டே கடைசி முடிவுக்கு வரவேண்டும்.) முதல் கரண்டியில் இன்னொரு சாட்சியும் கிடைக்கலாம். ஏறக்குறைய 1780 வரை கரண்டியின் முத்திரைகளைக் கைப்பிடியின் அடியில், குழிக்கு அருகில் குத்தினார்கள். பிறகுதான் அவை மேல்நுனியை நோக்கி நகர்ந்தன.

இப்படி ஐந்து கடுகளவு குறிகளைக் கொண்டு, ஒரு பொருள் எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கையில் பிறந்தது என்று சொல்ல முடிகிறது. கல்வெட்டு வாசிப்பவருக்குக் கிடைக்கும் அதே மகிழ்ச்சிதான் இது.

முலாமும் பாட்டியின் கையும்

சந்தையில் நாம் காணும் ‘வெள்ளி’ப் பாத்திரங்களில் பெரும்பாலானவை முலாம் பூசியவை. முலாமிலும் இரண்டு தலைமுறைகள் உண்டு.

முதலாவது, பழைய ஷெஃபீல்டு தகடு. 1740-களில் தாமஸ் போல்சோவர் என்பவர் செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் சூட்டில் ஒட்டவைத்து ஒன்றாக உருட்டும் முறையைக் கண்டறிந்தார். தேய்ந்த இடங்களில் செம்பின் செந்நிறம் எட்டிப்பார்க்கும். இது முலாம்தான் என்றாலும் சேகரிப்பவர்களிடையே இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது, மின்முலாம். எல்கிங்டன் நிறுவனத்தார் 1840-இல் இதற்கு உரிமம் பெற்றார்கள். அதன்பின் நடுத்தரக் குடும்பங்களின் மேசையிலும் ‘வெள்ளி’ மின்னத் தொடங்கியது. இவற்றில் ‘இ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருக்கும். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பது அதன் பொருள். இந்த நிக்கல் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் உண்டு. பெயரைத் தவிர வேறு எங்கும் வெள்ளி இல்லை! ‘ஜெர்மன் சில்வர்’ என்பதும் இதையே.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சில முலாம் உற்பத்தியாளர்கள் இந்த நான்கு எழுத்துகளையும் தனித்தனிக் கேடயங்களுக்குள், பழங்கால எழுத்து வடிவில் பொறித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் வரிசை போலவே தோன்றும். ‘ஷெஃபீல்டு’ என்று ஊர்ப்பெயரை முழுமையாகப் பொறித்திருப்பதும் வெள்ளிக்குச் சான்று ஆகாது. முலாம் பொருள்களிலும் அந்தப் பெயர் தாராளமாகக் கிடைக்கும். மீண்டும் அதே கேள்விதான்: சிங்கம் எங்கே?

காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் அரைகுறைச் சோதனையே. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி அன்று என்பது சரி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டுவதில்லை.

முத்திரை வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு இன்னொரு சோதனை தெரிந்திருந்தது. பங்களாவில் அன்றாடம் புழங்கும் முள்கரண்டிகள் வேறு, விருந்தாளி வரும்போது வெளியே எடுக்கும் தேக்கரண்டிகள் வேறு. சனிக்கிழமைதோறும் சில்வோ தொட்டு இரண்டையும் பாட்டிதான் துடைப்பார். “முள்ளுக்கரண்டியைக் கவுத்துப் பாரு. மேசையில உக்கார்ற இடத்துல மஞ்சப்பல் மாதிரி தெரியும். தேக்கரண்டியை எத்தனை வருஷம் தேய்ச்சாலும் அடியில அதே வெள்ளைதான்” என்று அவர் சொன்னதுண்டு. முலாம் முதலில் தேய்வது, கரண்டிக் குழியின் முதுகு மேசையைத் தொடும் அந்த இடத்தில்தான். உள்ளே இருக்கும் உலோகத்தின் மங்கிய மஞ்சள் அங்கேதான் முதலில் வெளிப்படும். பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோது இதே குறிப்பைக் கண்டேன். பாட்டி அதைப் பத்தாண்டுச் சனிக்கிழமைகளில் படித்திருந்தார்.

உண்மையான வெள்ளியிலும் ஏமாறலாம்

சிங்கத்தைக் கண்டதும் பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். முத்திரை உண்மையாக இருக்கலாம், பொருள் மாறியிருக்கலாம்.

ஒன்று, ‘பெர்ரி ஸ்பூன்’. பதினெட்டாம் நூற்றாண்டின் எளிமையான மேசைக்கரண்டிகளை எடுத்து, விக்டோரியா காலத்தில் குழியில் பழங்களும் கைப்பிடியில் இலைகளும் பொறித்து, சில வேளைகளில் தங்கமுலாமும் பூசிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் முத்திரை ஒரு காலம், வேலைப்பாடு இன்னொரு காலம். அழகுக்காக வாங்கலாம், ‘பதினெட்டாம் நூற்றாண்டு வேலைப்பாடு’ என்று நம்பி வாங்கக்கூடாது.

இரண்டு, அழிக்கப்பட்ட எழுத்து. பழைய உடைமையாளரின் குலச்சின்னத்தையோ பெயரெழுத்தையோ தேய்த்து அழித்திருப்பார்கள். அந்த இடம் மெலிந்து போயிருக்கும். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறகு வாயால் ஊதி ஆவி படியச் செய்யுங்கள். அழித்த கோடுகளும் பற்றவைத்த தடங்களும் அந்த ஈரத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். செலவே இல்லாத சோதனை இது.

மூன்று, எடை. மேசைக்கத்திகளின் வெள்ளிக் கைப்பிடி பெரும்பாலும் உள்ளீடற்ற மெல்லிய தகடு. உள்ளே குங்கிலியம் போன்ற பிசின் நிரப்பியிருப்பார்கள். மெழுகுவத்தித் தாங்கிகள் பலவற்றின் அடியிலும் இப்படியே நிரப்பியிருக்கும். ‘கனமாக இருக்கிறதே’ என்று வெள்ளி விலையை எடைக்குப் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள்.

நான்கு, பேர்பெற்ற முத்திரை. ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி 1760-இல் கணவரை இழந்தார். மறு ஆண்டு தம் பெயரில் முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை இலண்டனில் பெரிய பட்டறையை நடத்தினார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்று அவருடைய முத்திரை இருந்தால் விலை கூடும். அதனாலேயே அவர் பெயரில் போலிகளும் உண்டு. பேர்பெற்ற முத்திரையைக் கண்டால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

முத்திரை இல்லாத நம்மூர் வெள்ளி

இவ்வளவையும் கற்றபின் ஒரு தவறு செய்தேன். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு சிறிய பால்சாடியைப் பார்த்தேன். உடலெங்கும் இந்துத் தெய்வ உருவங்கள். அடியில் சிங்கம் இல்லை. தேய்ந்துபோன ஒரு பெயர் மட்டும். ‘முலாம்’ என்று ஒதுக்கிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அது இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் ‘சுவாமி’ வேலைப்பாடு என்ற ஒரு பாணி வளர்ந்தது. மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள், ஆங்கிலேயரின் தேநீர் மேசைக்கான கெண்டிகளிலும் சாடிகளிலும் நம் தெய்வ உருவங்களைப் புடைத்தெழச் செய்து விற்றன. இந்தியாவில் அன்று இங்கிலாந்தைப் போன்ற சோதனை முறை இல்லை. ஆகவே சிங்கத்தை அங்கே தேடுவது வீண். செய்தவரின் பெயரும் வேலைப்பாடுமே பெரும்பாலும் அடையாளம். நம் நாட்டில் கிடைக்கும் மலாய் வெள்ளிக்கும் பாபா நியோன்யா வெள்ளிக்கும் இது பொருந்தும். நான் தவறவிட்டது உண்மையிலேயே சென்னைச் சாடிதானா என்று இனி உறுதி செய்ய முடியாது. சிங்கம் இருந்தால் இங்கிலாந்து வெள்ளி. சிங்கம் இல்லாவிட்டால் வெள்ளியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதே நான் கற்ற பாடம்.

எப்படித் தொடங்குவது?

மாணவர்கள் ஒற்றைத் தேக்கரண்டியிலிருந்து தொடங்கலாம். ஆறு அல்லது பன்னிரண்டு கொண்ட முழுத் தொகுப்புக்குத்தான் விலை ஏறும். தொகுப்பு உடைந்து தனியாக வந்த கரண்டிக்கு அவ்வளவு விலை இராது. முத்திரை தெளிவாக உள்ள ஒற்றைக் கரண்டிகளை ஊருக்கு ஒன்று, நூற்றாண்டுக்கு ஒன்று என்று சேர்த்தாலே நல்ல பாடநூல் ஆகிவிடும்.

வாங்குமுன் மூன்று விலைகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, உருக்கினால் கிடைக்கும் உலோக விலை. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். அதை 0.925-ஆல் பெருக்கி அன்றைய வெள்ளி விலையோடு ஒப்பிடுங்கள். உலகச் சந்தை விலை டிராய் அவுன்சில் சொல்லப்படும். ஓர் அவுன்சு 31.1 கிராம். இரண்டு, பழமைக்கும் வேலைப்பாட்டுக்கும் உரிய விலை. மூன்று, உங்கள் ஆசையின் விலை. மூன்றாவதைக் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

உலோக விலை மற்ற விலைகளை விழுங்கும் காலங்களும் உண்டு. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததன் விளைவாக, விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரைத் தொட்டது. அப்போது ஏராளமான பழம்பாத்திரங்கள் உருக்கும் உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் அந்த உச்சத்தையும் விலை தாண்டியது. விலை ஏறும்போது பழைய கரண்டிக்கு ஆபத்தும் ஏறுகிறது. ஒருமுறை உருகிய முத்திரை திரும்பி வராது.

இன்னோர் எச்சரிக்கை. பழைய கெண்டிகளின் கைப்பிடியில் சூடு ஏறாதிருக்க யானைத்தந்த வளையம் வைப்பதுண்டு. யானைத்தந்தத்தை நாடு விட்டு நாடு கொண்டுவருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இதை முதலில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கறுக்காமல் காப்பது

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கரிய படலமாகின்றன. முட்டை, வெங்காயம், ரப்பர் பட்டை, செய்தித்தாள் எல்லாமே இதற்குத் துணைபோகும். கரண்டிகளை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவைப்பது நம் வீடுகளில் பரவலான பழக்கம். பட்டை இருந்த இடத்தில் அழியாத கருங்கோடு விழும். உப்பு அதைவிடக் கொடியது. வெள்ளியை அரித்துக் குழிவிழச் செய்யும். உப்புக் கிண்ணங்களுக்கு உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைத்ததும் தங்கமுலாம் பூசியதும் இதனால்தான்.

நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு தொட்டுத் துடைப்போம். நல்ல முறைதான், ஆனால் அது மெல்ல மெல்ல உலோகத்தைத் தேய்க்கும். முத்திரை உள்ள இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள். சிங்கம் தேய்ந்துபோனால் சான்றிதழ் போய்விடும். பற்பசை வேண்டவே வேண்டாம். பிசின் நிரப்பிய கத்திகளைச் சுடுநீரில் ஊறவைக்கவும் கூடாது. எல்லாவற்றிலும் சிறந்த வழி, அன்றாடம் புழங்குவதும் கழுவியவுடன் துணியால் ஈரம் போகத் துடைப்பதும்தான்.

ஆறாவது கரண்டி

அந்தச் சந்தைப் பெரியவரைச் சந்தித்த பிறகு வந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். மருந்துப் பெட்டியிலிருந்து ஆறாவது கரண்டியை எடுத்து, கடன் வாங்கிய பூதக்கண்ணாடியோடு முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது நங்கூரம். அதன் பக்கத்தில் வலது முன்காலைத் தூக்கியபடி சிங்கம். பிறகு ‘எஃப்’ என்ற எழுத்து. அட்டவணையைப் பார்த்தேன். பர்மிங்காம், 1930.

ஐந்து கரண்டிகளிலும் சேர்த்து நூறு கிராம்கூட இருந்திருக்காது. அதில் எங்கள் குடும்பம் ஒன்றும் மாளிகை கட்டியிருக்க முடியாது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. பாட்டியிடம் ஓடினேன். “பாட்டி, வெள்ளிதான்! கடைக்காரன் தாத்தாவை ஏமாத்திட்டான்!” என்றேன்.

பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது வெள்ளின்னு உங்க தாத்தாவுக்கும் தெரியும்டா” என்றார்.

பிறகுதான் முழுக்கதையும் வந்தது. கடைக்காரர் கரண்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பிடியில் பொறித்திருந்த ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டி, “இது யார் பெயர்? உனக்கு எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டிருக்கிறார். அது துரைசானி வீட்டுப் பெயரெழுத்து. தாத்தாவிடம் ரசீது இல்லை, கடிதம் இல்லை, கொடுத்தவர் கடல் கடந்து போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பங்களாவில் திருடியது என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்துவிட்டார். ‘முலாம்’ என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம். அவர் இறக்கும்வரை பாட்டியும் காட்டிக்கொடுக்கவில்லை. ‘அது வெள்ளிதான்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். பாட்டிக்கு வேண்டியிருக்கவில்லை, எனக்குத்தான் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அதிலும் பாதிதான் தெரிந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன மாற்று என்பதெல்லாம் முத்திரை சொல்லும். யார் துடைத்தார்கள், யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எழுதி வைக்காததால், தன் வீட்டுப் பொருளை விற்கப் போன மனிதர் திருடனைப் போலக் கூனிக் குறுகி நின்றார்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். வெள்ளி வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். யாரிடம், எங்கே, எந்த நாளில், என்ன விலைக்கு என்று ஓர் அட்டையில் எழுதிப் பொருளோடு வையுங்கள். வாங்காவிட்டாலும், உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் கரண்டியையோ கிண்ணத்தையோ ஒருநாள் வெளியே எடுங்கள். முதலில் சிங்கத்தைத் தேடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதன் கதையைக் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதிவிடுங்கள். முத்திரை நூறாண்டு காத்திருக்கும்; மூத்தவர் காத்திருக்கமாட்டார்.

பாட்டி 2009-இல் காலமானார். அதுவரை அந்தக் கரண்டியால்தான் காப்பிக்குச் சீனி கலக்கிக்கொண்டார். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. கூடவே ஓர் அட்டையும் இருக்கிறது. அதில் பர்மிங்காம், 1930 என்ற வரிக்குக் கீழே பாட்டியின் பெயரையும், அவர் பங்களாவில் வேலை செய்த ஆண்டுகளையும், ‘அன்பளிப்பாகப் பெற்றது, 1963’ என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.